கம்பியில் குத்திய சீட்டுகள்

நான் ஜெயித்த வழக்குகளில் மறக்க முடியாத ஒன்றை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஜெயித்த வழக்குதான். எதிர்த்தரப்பில் யாரும் ஆஜராகவில்லை, குறுக்கு விசாரணை இல்லை, மேல்முறையீடு இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ப்பு கிடைத்துவிட்டது. இதைப் படித்த பிறகு உங்கள் வக்கீல் சங்க மலரில் போடலாமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளி, வீட்டுப் பேச்சு தமிழ். சட்டம் முடித்ததும் பாலக்காட்டில் ஒரு சீனியரிடம் மூன்று வருடம் வழக்குக் கட்டுத் தூக்கினேன். நான்காம் வருடம் அவர் என்னைக் கூப்பிட்டு, இங்கே இருந்தால் என் நிழலில்தான் நிற்பாய், மலைக்குப் போ, அங்கே தோட்டத்து ஜனங்கள் எல்லாம் தமிழ், கோர்ட்டுக் காகிதம் எல்லாம் மலையாளமும் இங்கிலீஷும், நடுவில் ஓர் ஆள் வேண்டும், உன் தமிழ்தான் உனக்கு முதல் என்றார். எழுபதுகளின் தொடக்கம் அது. மூணாறுப் பக்கம் ஒரு முன்சீப் கோர்ட்டை ஒட்டி அறை எடுத்துப் பலகை மாட்டினேன். பெயரைத் தமிழிலும் எழுதியிருந்த வக்கீல் பலகை அந்தத் தெருவில் என்னுடையது ஒன்றுதான். சீனியர் சொன்னது பலித்தது. அந்த முதலை நான் எப்படிச் செலவு செய்தேன் என்பதுதான் இந்தக் கதை.

கடைத்தெருவில் பலசரக்கும் மண்ணெண்ணெயும் விற்ற ஒருவர் என் கட்சிக்காரர். பெயர் வேண்டாம், எல்லோரும் அழைத்த மாதிரி முதலாளி என்றே சொல்கிறேன். ஆற்றோரத்தில் ஒரு காலி இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, மண் நிரப்பி, வண்டி ஸ்டாண்டாக்கி, வாசலில் ஒரு சங்கிலியும் போர்டும் வைத்தார். ஜீப்போ லாரியோ உள்ளே நின்றால் ஒரு நாளுக்கு ஒரு சீட்டு. சங்கிலி பிடிக்கிற ஆள் சீட்டைக் கிழித்து வைப்பரில் செருகிவிடுவான். போகும்போது கடையில் காசு கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அபராதத்தோடு சேர்ந்து ஏறும். இது எல்லாம் போர்டிலும் சீட்டிலும் தெளிவாக எழுதியிருந்தது, மலையாளத்தில்.

வட்டவடையிலிருந்து வேலுச்சாமி என்பவன் ஜீப் ஓட்டி வந்தான். கேரட், கோஸ், பூண்டு கொண்டு வந்து இறக்குவான். திரும்பும்போது அரிசியும் மண்ணெண்ணெயும் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிற ஆட்களும். மனைவி நகையையும் ஒரு துண்டுக் காட்டையும் விற்று வாங்கிய பழைய ஜீப். அந்த ஊருக்கு அப்போது மழைக்காலத்தில் போய்வந்த வண்டி அது ஒன்றுதான்.

தோட்டத்துப் பாதைகளில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. செக்போஸ்ட் கேட்டில் வாட்ச்மேன் ஒரு சீட்டுத் தருவான். வெளியே போகும்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காசு கிடையாது. ஆனால் சீட்டைத் தொலைத்தால் வண்டியை நிறுத்தி வைத்துத் துரை பங்களா வரைக்கும் இழுத்தடிப்பார்கள். தமிழையே எழுத்துக் கூட்டிப் படிக்கிற வேலுச்சாமி, ஸ்டாண்டுச் சீட்டையும் அந்த வகை என்றே நினைத்தான். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. என்றைக்காவது கேட்பார்கள் என்று ஒவ்வொன்றையும் ஒரு சைக்கிள் கம்பியில் குத்திக் குத்தி வைத்தான்.

ஒரு வருடத்துக்கு மேல் முதலாளியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது மறதி என்று நான் அப்போதும் நினைக்கவில்லை. மற்ற டிரைவர்களில் பாதிப் பேர் காசு கட்டாமல், இது ஆற்றுப் புறம்போக்கு, நீ யார் கேட்க என்று தகராறு செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. அவர்கள் மேல் வழக்குப் போட்டால் அந்த இடத்தின் உரிமையே கேள்விக்கு வரும். எனவே சண்டை போடாத ஒருவனை முதலாளி தேர்ந்தெடுத்தார். எழுதிவிட்டுத் திருத்துகிறேன்: தேர்ந்தெடுத்தோம். யார் மேல் முதலில் போடலாம் என்று அவர் என்னிடம் கேட்டார். நான்தான் யோசித்து அந்தப் பெயரைச் சொன்னேன்.

வக்கீல் நோட்டீஸ் போன நாலாம் நாள் வேலுச்சாமி என் அறைக்கு வந்தான். பயந்து வரவில்லை. சிரித்துக்கொண்டு வந்தான்.

"அய்யா, சீட்டுக் கேட்டு காயிதம் போட்டிருக்கீகளாம்ல? போஸ்ட்மேன் வாசிச்சுச் சொன்னாரு. எல்லாம் பத்திரமா இருக்கு. ஒண்ணு கொறையாது, பாருங்க."

மேசைமேல் கம்பியை வைத்தான். ஒன்றின்மேல் ஒன்றாக மஞ்சள் சீட்டுகள், நனைந்து காய்ந்து சுருண்டு, நுனியில் கழன்றுவிடாதபடி கம்பியை வளைத்திருந்தான்.

நீங்கள் யாராவது அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவன் எதிர்க்கட்சி. எங்களிடம் இருந்தது சீட்டுப் புத்தகத்தின் வெறும் அடிக்கட்டை. எந்த வண்டி, எந்த நாள் என்று அதில் சரியாக எழுதியே இல்லை. அந்தக் கம்பி இல்லாவிட்டால் எங்கள் வழக்கு நொண்டி. தம்பி, இதை எடுத்துக்கொண்டு போய் வேறொரு வக்கீலைப் பார் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது:

"வச்சுட்டுப் போ."

"சரிங்கய்யா. பத்திரமா வச்சிருங்க. பின்னால யாராச்சும் கேட்டா எனக்குத்தான் சிக்கல்."

வெளியே போய்விட்டுத் திரும்ப எட்டிப் பார்த்தான். "நீங்க நம்ம பேச்சுக்காரரா இருக்கப் போயிதான்யா தைரியமா வந்தேன். மலையாளத்து வக்கீலா இருந்தா வாசல்லயே நாக்கு ஒட்டிக்கிரும்."

மறுவாரம் வழக்குப் பதிவானது. சம்மன் அவன் கைக்கே போய்ச் சேர்ந்தது, கையெழுத்தும் போட்டான். அதில் பிழை எதுவும் இல்லை.

அந்த ஊரில் யாருக்குக் காகிதம் வந்தாலும் அது மணியக்காரர் வீட்டுக்குத்தான் போகும். ஊரின் பஞ்சாயத்தை நடத்துகிற பெரியவர் அவர். ஒருவனுக்கு வந்த வழக்கு ஊருக்கு வந்த வழக்கு. ஊர் கூடி, பையன் தெரியாமல் செய்தாலும் தப்பு தப்புத்தான் என்று முடிவு செய்தது. ஒரு காலை நேரத்தில் மணியக்காரரும் வேலுச்சாமியும் இரண்டு மூட்டைப் பூண்டோடு முதலாளியின் கடைக்கு வந்தார்கள். அன்றைக்கு ஜீப்பைச் சங்கிலிக்கு வெளியே, தூரத்தில் நிறுத்திவிட்டு, மூட்டையைத் தலையில் தூக்கி வந்தார்கள். நான் வேறொரு வழக்கின் கையெழுத்துக்காக அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே பார்த்தேன்.

"மொதலாளி, எங்க பய படிக்காதவன். காசு கட்டணும்னு அவனுக்குத் தெரியல. ஊருல பேசி வந்திருக்கோம். ரெண்டு மூட மலைப்பூடு, தண்டோட காஞ்சது. வித்தீகன்னா ஒங்க பாக்கிக்கு மேலயே வரும்."

"நமக்குள்ள எந்தா இதெல்லாம்? இரிக்கு, இரிக்கு. ஒரு சாயா குடிக்கு," என்றார் முதலாளி. மூட்டையின் வாயை அவிழ்த்து ஒரு பூண்டை நசுக்கி முகர்ந்தார். "ஒந்நாந்தரம்."

மணியக்காரர் மடியிலிருந்து வெற்றிலை எடுத்தார். அவர்கள் ஊரில் வெற்றிலை மாற்றினால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு அதே விஷயத்தை வாயில் எடுத்தவன் ஊர்க்கூட்டத்தில் நிற்க முடியாது. முதலாளி வாங்கிக்கொண்டார், தன் தட்டிலிருந்து எடுத்துத் திரும்பக் கொடுத்தார். அவருக்கு அது வெற்றிலை. மணியக்காரருக்கு அது முத்திரை.

பிறகு மணியக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"வக்கீலய்யா, காயிதத்துல ஒரு தேதி போட்டிருக்காம்ல. இனி அதுக்கு நாங்க கோர்ட்டுக்கு வரணுங்களா?"

கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. பதில் முதலாளியிடமிருந்து வந்தது. "ஒந்நும் வேண்டா. சமாதானமாயிட்டுப் போய்க்கோ."

மணியக்காரர் அப்போதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் டீ கிளாஸ் இருந்தது. ஒரு வாய் குடித்தேன். அதுதான் நான் சொன்ன பதில். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கும்பிட்டார். மூட்டையிலிருந்து ஒரு கத்தைப் பூண்டை உருவி, "அய்யா வீட்டுக்கு" என்று என் பக்கத்தில் வைத்தார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அவர்கள் போன பிறகு முதலாளியிடம், "ராஜி மனு போட்டு வழக்கை முடித்துவிடலாமா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. கேட்கத் தெரிந்தவனுக்கு அதன் அவசியமும் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

"பூண்டு வேற, கேஸ் வேற, வக்கீலே," என்றார். "காசல்ல காரியம். மற்றவன்மாரு எல்லாம் நோக்கிக்கொண்டிருக்கா. எனக்கு ஒரு தீர்ப்பு வேணும். போர்டுக்குக் கீழே ஆணி அடிச்சு மாட்டணும்."

அவருக்கு அந்தக் கோர்ட்டில் வேறு ஏழெட்டு வழக்குகள் இருந்தன. எல்லாம் என் கையில். வக்காலத்தை விலக்கிக்கொண்டு அந்த ஏழெட்டையும் பக்கத்து அறைக்கு அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் அதைக் கண்டுபிடித்திருப்பேன்.

வழக்கு நாளில் டவாலி வராந்தாவில் நின்று வேலுச்சாமியின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். யாரும் வரவில்லை. அவன் பூண்டுக் காட்டில் இருந்திருப்பான். முதலாளி கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். கம்பியை நான் சான்றாவணமாகக் குறியீடு செய்தேன். முன்சீப் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, பிரதிவாதி இவ்வளவு ஒழுங்காகச் சேர்த்து வைத்திருக்கிறானே என்று ஆச்சரியப்பட்டார். கோர்ட்டில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தீர்ப்பு எங்களுக்கு.

ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்ய மனுப் போடலாமே, முப்பது நாள் இருக்கிறதே என்று உங்களில் கெட்டிக்காரர் கேட்பார். இருந்தது. தீர்ப்பு வந்ததே அவனுக்குத் தெரியாது. முப்பது நாளும் தாண்டிய பிறகுதான் நான் ஜப்தி மனுப் போட்டேன். அந்தக் கணக்கை என் குமாஸ்தா போடவில்லை, நானே போட்டேன்.

கோர்ட்டு அமீனா வந்து ஜீப்பைப் பிடித்தது அதே ஸ்டாண்டில். உள்ளே கோஸ் மூட்டை, மேலே நாலு பேர், அதில் கை ஒடிந்து கட்டுப் போட்ட ஒரு பெண். எல்லோரையும் இறக்கிவிட்டுச் சங்கிலியைப் பூட்டினார்கள். அந்தச் செய்தி எனக்கு முன்னால் என் வீட்டுக்குப் போய்விட்டது. சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி கேட்டாள்.

"ஏனுங்க, அந்த வட்டவடைக்காரன் வண்டியப் புடிச்சுப்போட்டாங்களாமா?"

"ம்."

"அவங்க ஊருப் பெரியவரு குடுத்துவுட்டதுன்னுதானுங்களே இந்தப் பூண்டக் கொண்டாந்தீங்க? பேசி முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே?"

"கோர்ட்டு விஷயம் உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியாதுங்க," என்றாள். "உங்களுக்குப் புரிஞ்சாச் சரி." எழுந்து போய்ச் சமையலறையில் கயிற்றில் தொங்கிய கத்தையை அறுத்து எடுத்தாள். அதை எங்கே போட்டாள் என்று தெரியாது. அன்றிலிருந்து பல வருடம் எங்கள் வீட்டு ரசத்தில் பூண்டு கிடையாது. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

ஏலத்துக்கு நாள் குறித்த பிறகு, மணியக்காரரும் வேலுச்சாமியும் வக்கீல் இல்லாமலே கோர்ட்டுக்கு வந்து நின்றார்கள். முன்சீப் நல்ல மனிதர். மனுவெல்லாம் பிறகு பார்க்கலாம், என்ன சொல்கிறார்கள் கேட்போம் என்றார். அவர் கடற்கரைப் பக்கத்து மலையாளி. நிதானமாகப் பேசினால் தமிழ் பிடிபடும், அந்த மலைப் பேச்சு வேகமாக வந்தால் பிடிபடாது. சுற்றிலும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். உங்களை நம்பலாம்."

நான் எதிர்த்தரப்பு வக்கீல், வேறு யாரையாவது கேளுங்கள் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். எழுந்து நின்றேன்.

மணியக்காரர் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். அடைமழை மாதிரி ஒரே மூச்சில் பேசினார்.

"சாமி, நாங்க ஏமாத்துற ஆளுக இல்ல. ரெண்டு மூட பூடு குடுத்து, மொதலாளி கையால வெத்தல மாத்திப் பேச்ச முடிச்சிட்டம். கோர்ட்டுக்கு வர வேணாமுன்னு அவரு சொல்லித்தான் போனம். இந்தா நிக்கிறாகளே, இந்த வக்கீலய்யாவும் அங்கனதான் இருந்தாக. அவுகளயே கேளுங்க. அவுக பொய் சொல்ல மாட்டாக."

நான் மொழிபெயர்த்தேன். வாதிக்குக் கொஞ்சம் பூண்டு கொடுத்ததாகவும், அத்துடன் விவகாரம் முடிந்ததாக நினைத்துக் கோர்ட்டுக்கு வரவில்லை என்றும் சொல்கிறார்கள் என்றேன். கடைசி மூன்று வாக்கியங்களை மொழிபெயர்க்கவில்லை.

பெஞ்சு கிளார்க் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் பள்ளிவாசல் எஸ்டேட் பக்கத்துத் தமிழர். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அவருக்கும் வேலை வேண்டியிருந்தது.

முன்சீப் சட்டம் என்ன கேட்கச் சொல்கிறதோ அதைத்தான் கேட்டார். கோர்ட்டுக்கு வெளியே பைசல் ஆனதாகப் பதிவு உண்டா? இல்லை. ரசீது? இல்லை. பிறகு என்னிடம்: "உங்கள் கட்சிக்காரர் இப்படி எதுவும் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொள்கிறாரா?"

இந்த இடத்தை நீங்கள் நின்று பார்க்க வேண்டும். ஐந்து நொடி இருந்திருக்கும். மணியக்காரர் என் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்கிறேன் என்று அவருக்குப் புரியாது. ஆனால் அவர்களுக்காகத்தான் பேசுகிறேன் என்று நினைத்து எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி ஆட்டினார். சீனியரிடம் மூன்று வருடத்தில் கற்ற ஒரு சொற்றொடர் என் வாயில் தயாராக இருந்தது.

"நோ இன்ஸ்ட்ரக்ஷன்ஸ், யுவர் ஆனர்."

கட்சிக்காரர் அதைப் பற்றி எனக்கு எதுவும் சொல்லவில்லை. உண்மைதான். அவர் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லையே, நான்தான் பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டிருந்தேனே. இந்தத் தொழிலில் பொய் சொல்லாமலே எதிராளியை முடிக்கலாம் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. இதைக் கெட்டிக்காரத்தனம் என்று உங்களுக்கு யாராவது கற்றுக் கொடுத்தால், எனக்கும் கற்றுக் கொடுத்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜீப் ஏலத்தில் போனது. எடுத்தவர் முதலாளியின் மைத்துனர். தீர்ப்பின் நகல் கண்ணாடிச் சட்டத்துக்குள் போர்டின் கீழே தொங்கியது. மற்ற டிரைவர்கள் ஒழுங்காகக் காசு கட்டத் தொடங்கினார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நிலத் தகராறுக்காகக் கோர்ட்டு கமிஷனராக நான் வட்டவடைக்குப் போக வேண்டியிருந்தது. கிடைத்த வண்டி அந்த ஜீப்தான். ஓட்டியவன் வேலுச்சாமிதான், முதலாளியின் மைத்துனரிடம் நாள் சம்பளத்துக்கு. என்னைப் பார்த்ததும் முன் சீட்டில் இருந்தவரைப் பின்னால் அனுப்பிவிட்டு, துண்டால் சீட்டைத் தட்டினான்.

"வாங்கய்யா. இங்கன ஒக்காருங்க. பின்னால தூக்கித் தூக்கிப் போடும்."

டாப் ஸ்டேஷன் தாண்டி இறக்கத்தில் கியரை மாற்றிவிட்டு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்:

"அய்யா, ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்கப்படாது. அன்னைக்கிக் கோர்ட்டுல எங்க மணியக்காரரு சொன்னத அப்பிடியே சொல்லிட்டீகள்ல? இல்ல, எதாச்சும் பேசக் கூடாதத அவரு பேசிப்புட்டாரா? நம்ம வாயாலதான் வண்டி போச்சுன்னு மனசு ஒடஞ்சு போயிட்டாரு. ஊருப் பொறுப்பே வேணாமுன்னு வெத்தலப் பைய எறக்கி வச்சிட்டாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா அவருகிட்டப் போயிச் சொல்லுவேன்."

ஜீப்புக்குள் பின்னால் ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லோரும் முன்னால் சாய்ந்து காது கொடுத்திருந்தார்கள்.

"அப்படியேதான் சொன்னேன்," என்றேன்.

"அப்ப அவரு பேசுனதுலதான் என்னமோ கொற," என்றான். ஹாரன் அடித்து ஒரு வளைவைத் திருப்பினான். பிறகு, "என்ன செய்ய, படிக்காத சனம்," என்று எனக்காக ஒரு சமாதானமும் சொன்னான். இறங்கும்போது கூலி வாங்க மறுத்தான். நான் வற்புறுத்தவில்லை.

கோர்ட்டில் செய்தது பயத்தால் என்று வைத்துக்கொண்டாலும், அந்த இறக்கத்தில் எனக்கு என்ன பயம்? முன்சீப் மாற்றலாகிப் போயிருந்தார். முதலாளியின் வழக்குகள் முடிந்திருந்தன. ஒரு கிழவரின் மனத்தை ஆற்றுவதற்கு ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையின் விலை என் முகம். கொடுக்கவில்லை. மணியக்காரர் அடுத்த குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். தன் பேச்சால்தான் ஊரின் வண்டி போனது என்று நம்பிக்கொண்டே போயிருப்பார்.

அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து யாரும் என் அறைக்கு வராமல் போனார்கள் என்று நினைக்காதீர்கள். வந்தார்கள். நிறைய வந்தார்கள். நம்ம பேச்சுக்காரர் என்றே வந்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் ஒழுங்காகவே நடந்துகொண்டேன். அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை.

வழக்கு முடிந்து காலக்கெடு தாண்டியதும், தாக்கல் செய்த ஆவணங்களைக் கோர்ட்டில் திருப்பித் தருவார்கள், தாக்கல் செய்த தரப்புக்கு. அப்படி அந்தக் கம்பி என்னிடமே வந்து சேர்ந்தது. சான்றாவண முத்திரை ஒட்டிய ஒரு துண்டுக் காகிதம் நுனியில் தொங்குகிறது. பாலக்காட்டுக்கு வீடு மாற்றியபோது பழைய கட்டுகளையெல்லாம் எடைக்குப் போட்டேன், இதைப் போடவில்லை. இப்போது இதை எழுதுகிற மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. சீட்டுகள் தொட்டால் உதிர்கின்றன.

திருப்பிக் கொடுக்க யாராவது கேட்பார்கள் என்றுதான் அவன் சேர்த்து வைத்தான். பத்திரமாக வைத்திருக்கச் சொல்லித்தான் என்னிடம் கொடுத்தான். அவன் சொன்னதில் இது ஒன்றை மட்டும் செய்திருக்கிறேன்.